லினக்ஸ் இயந்திரமும் விண்டோஸ் மேசையும்

மன்னார்குடியில் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி நிலப் பத்திரங்கள். பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார்; பெற்றோர் பத்திர நகலோடு வந்து ஆங்கிலத்தில் கேட்பார்கள். ஒரு பத்திரத்தைப் பிரித்தால் அந்தக் குடும்பத்தின் கடன், பாகப்பிரிவினை, வழக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதை எங்கோ இருக்கும் இணையச் சேவையில் ஒட்டி மொழிபெயர்க்க எங்களில் ஒருவருக்கும் மனமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இணையமும் அடிக்கடி அறுந்துவிடும். மொழிபெயர்க்கும் இயந்திரம், அதாவது அதற்கான மென்பொருள், எங்கள் அறைக்குள்ளேயே ஓட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023-ல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் அதற்குப் பொருத்தமாக இருந்தது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 இந்திய மொழிகளையும் கையாளும், இலவசமாகவே கிடைக்கும். ஆனால் இத்தகைய மென்பொருள்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் எழுதுகிறார்கள். எங்கள் மேசைகளில் இருப்பதோ விண்டோஸ். முப்பது ஆண்டுகளாகப் பத்திரம் படிக்கிற எங்கள் மூத்த மொழிபெயர்ப்பாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தம்பி, நான் வேர்டில்தான் வேலை செய்வேன். உங்கள் இயந்திரம் அங்கே வரட்டும்." அவர் கேட்டது நியாயம். பத்திர மொழியில் தேர்ந்த ஒருவரைக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டச் சொல்வது அவருடைய திறமையை வீணடிப்பதாகும்.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினிபோல் ஓடும் மெய்நிகர் கணினி ஒன்றை நிறுவிப் பார்த்தோம். 8 ஜிபி நினைவகத்தில் பாதியை அது எடுத்துக்கொண்டதும் வேர்டு திணறியது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதி கைகொடுத்தது. விண்டோஸ் வட்டில் இருக்கும் கோப்புகளை அங்கிருந்து படிப்பது மெதுவாக நடக்கும். அதனால் மாதிரியை, அதாவது மொழிபெயர்க்கும் திறனைத் தாங்கிய எண்களின் கோப்பை, லினக்ஸ் பக்கமே வைத்தோம். மாதிரியின் எண்களை எட்டு பிட்டுக்குச் சுருக்கியதில், அளவுருக்கள் எனப்படும் அந்த 110 கோடி எண்களும் ஏறக்குறைய ஒரு ஜிபிக்குள் அடங்கின. கிராபிக்ஸ் அட்டை இல்லாமலே ஓடியது. நிறுவும் வேலை இவ்வளவுதான்.

உண்மையான வேலை எழுத்தில் இருந்தது. ஊர்ப்பெயர்களுக்கு நாங்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம்: இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் பாஸ்போர்ட்டிலும் பதிவுகளிலும் வழங்கும் ஆங்கில வடிவம். வாக்கியம் இயந்திரத்துக்குப் போகும் முன் பெர்ல் மொழியில் எழுதிய ஒரு சிறிய நிரல் பெயர்களை மாற்றி வைக்கும். "வடக்கு எல்லை கொரடாச்சேரி சாலை" என்ற வரி உள்ளே போனது. வெளியே வந்தபோது ஊர்ப்பெயரோடு ஒரு வரி முடிந்து, "சாலை" அடுத்த வரியில் தனியாக நின்றது. தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், அந்த இடத்துக்குக் கீழே எல்லாம் ஒரு வரி தள்ளிப்போயிருந்தது. கிழக்கு எல்லைக்கு எதிரே வடக்கின் மிச்சம், தெற்கு எல்லைக்கு எதிரே கிழக்கு. பாமணி ஆற்றங்கரை கிழக்கில் இருக்கும் நிலம், படிப்பவர் கண்ணுக்குத் தெற்கே ஆற்றை வைத்துக்கொண்டிருந்தது. நிலப் பத்திரத்தில் இது சாதாரணப் பிழை இல்லை.

பட்டியலை விண்டோஸின் நோட்பேடில் சேமித்திருந்ததுதான் காரணம். வரி முடிவதைக் குறிக்க லினக்ஸ் ஒரு குறியை இடுகிறது. விண்டோஸ் இரண்டு இடுகிறது. லினக்ஸில் ஓடும் பெர்ல் ஒன்றை மட்டும் வெட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத மற்றொன்றை ஊர்ப்பெயரின் வாலில் விட்டுவைத்தது. அடுத்துப் படித்த, பைத்தான் மொழியில் எழுதிய நிரல் அதையும் வரி முடிவாக எண்ணி வாக்கியத்தை இரண்டாக்கியது. டாஸ்2யூனிக்ஸ் என்ற சிறு கருவியில் பட்டியலை ஒருமுறை ஓட்டியதும் சரியானது.

அதன் பிறகும் கொரடாச்சேரி சில பத்திரங்களில் நிரலுக்கு அகப்பட்டது, சிலவற்றில் அகப்படவில்லை. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் "கொ" என்பதைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். எல்லா உரையையும் முதலில், இரண்டு குறியை ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும் ஒரு படியைச் சேர்த்தோம். கோட்டூர், கோவில்வெண்ணி போன்ற ஓகார ஊர்களும் அதோடு சரியாயின. தமிழுக்கென்று இயந்திரம் செய்கிறவர்கள் இதை முதல் படியாகவே வைக்க வேண்டும். பயன்படுத்துகிறவர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லாத பிழை இது.

இப்போது மூத்தவர் வேர்டில் ஒரு பொத்தானை அழுத்துகிறார். வரைவு பக்கத்தில் வந்து நிற்கிறது. அவர் அதை வரி வரியாகத் திருத்துகிறார். நான்கெல்லையை மட்டும் ஒருவர் தமிழில் வாசிக்க, மற்றவர் ஆங்கிலத்தில் சரிபார்க்கிறார். இந்த வழக்கத்தை எந்த மென்பொருளுக்காகவும் விடப்போவதில்லை. யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பத்திரங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வேலையை அடுத்து எடுத்திருக்கிறோம்.