அந்த மருந்து எங்க போகுது மேம்?

ரொம்ப நேரம் ஓடுற ஒரு ஆபரேஷன். பேஷன்ட் நல்லா தூங்கிட்டு இருக்காரு, மானிட்டர்ல எல்லாம் சமத்தா ஓடுது, நான் சார்ட் எழுதிட்டு இருக்கேன். பக்கத்துல ஒரு மூணாவது வருஷ ஸ்டூடன்ட், ரொம்ப நேரமா வேப்பரைசரையே (மயக்க மருந்த ஆவியாக்கி குடுக்குற கருவி) பாத்துட்டு நின்னவ, "மேம், இவரு மூச்சுல வெளிய வர்ற மருந்தெல்லாம் கடைசில எங்க போகுது?"ன்னு கேட்டா. ஸ்கேவெஞ்சிங் லைன் (மிச்ச வாயுவ இழுத்து வெளிய விடற குழாய்) வழியா வெளிய போயிடும்மான்னேன். "வெளியன்னா எங்க?" மொட்டை மாடிக்கு. "அப்புறம்?" அப்புறம் என்னன்னு எனக்கு தெரியல. பதினோரு வருஷமா மயக்க மருந்து குடுக்குறேன், ஒருநாள் கூட இந்த கேள்வி எனக்கு வரலங்கறது கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன். மூச்சு வழியா குடுக்குற இந்த மருந்துகள உடம்பு பெருசா செலவே பண்றதில்ல, உள்ள போனது பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துடுது. அதுலயும் டெஸ்ஃப்ளூரேன் இருக்கே, 100 வருஷ கணக்குல பாத்தா அது ஒரு கிலோ, பூமிய சூடாக்குறதுல சுமார் 2,500 கிலோ கார்பன் டை ஆக்சைடு பண்ற வேலைய பண்ணுது. அதே வேலைக்கான இன்னொரு மருந்து செவோஃப்ளூரேன் அதுல பத்துல ஒரு பங்கு கூட வராது, ஆள தூங்க வைக்க தேவைப்படற அளவும் மூணுல ஒண்ணுதான். நைட்ரஸ் ஆக்சைடு, அதான் சிரிப்பு வாயு, தனி ரகம், 100 வருஷத்துக்கு மேல வானத்துலயே சுத்தும், போதாக்குறைக்கு ஓசோனையும் அரிக்கும். ஸ்காட்லாந்துல 2023லயே டெஸ்ஃப்ளூரேன நிறுத்திட்டாங்க, ஐரோப்பிய யூனியன்ல 2026 ஜனவரில இருந்து வேற வழியே இல்லன்னா மட்டும்தான். நான் என்னடான்னா, பேஷன்ட் டக்குனு முழிச்சுக்கறாருன்னு ஆசை ஆசையா அதையே தூக்கிட்டு இருந்திருக்கேன்.

இப்ப டெஸ்ஃப்ளூரேன் பக்கமே போறதில்ல. செவோஃப்ளூரேனையும் ஃப்ரெஷ் கேஸ் ஃப்ளோவ (மெஷினுக்குள்ள புதுசா விடற வாயுவோட அளவு) நல்லா குறைச்சு வச்சு குடுக்குறேன், முதுகுல ஊசி போட்டோ, நரம்பு மரத்துப்போக வச்சோ முடிக்கக்கூடிய ஆபரேஷன்னா அதப் பேசிப் பாக்குறேன். பேஷன்டுக்கு எது பாதுகாப்போ அதுதான் முதல்ல, அதுல பேரம் கிடையாது. ஆனா ரெண்டும் சமம்னு வர்ற இடங்கள் நாம நெனக்கறத விட நிறைய இருக்கு.

நைட்ரஸ் ஆக்சைடு கதைதான் எனக்கு தூக்கத்தையே கெடுத்துச்சு. எடின்பரோ பக்கம் சில ஆஸ்பத்திரிகள்ல வாங்குன சிலிண்டர் கணக்கையும் பேஷன்டுக்கு குடுத்த அளவையும் ஒப்பிட்டு பாத்திருக்காங்க, வாங்குனதுல பெரும்பங்கு யார் மூக்குக்கும் போகல, சுவத்துக்குள்ள ஓடுற பைப்லயும் சிலிண்டர்கள அதோட இணைக்கற மேனிஃபோல்ட்லயும் ஒழுகியே காலியாகி இருக்கு. தீர்வு ரொம்ப சிம்பிள், சென்ட்ரல் பைப்ப மூடிட்டு தேவைப்படற மெஷின்ல மட்டும் ஒரு சின்ன சிலிண்டர மாட்டிக்கறது. இதுக்கு எந்த பேஷன்டும் எதையும் விட்டுக்குடுக்க வேண்டாம், யாரும் தியாகம் பண்ண வேண்டாம், ஒரு ரெஜிஸ்டர எடுத்து கூட்டிக் கழிச்சு பாக்க ஒரு ஆளு வேணும், அவ்ளோதான்.

உலகம் மொத்தமும் விடுற பசுமை இல்ல வாயுக்கள்ல மருத்துவத் துறையோட பங்கு சுமார் 4-5 சதவீதம். அதுல 70 சதவீதத்துக்கு மேல ஆஸ்பத்திரி கட்டடத்துல இருந்து வர்றதே இல்ல, நாம வாங்குற மருந்து, பிளாஸ்டிக், கருவி, அதெல்லாம் செஞ்சு கொண்டு வர்ற வழியில வர்றது. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்னைக்கு டீன் தலைமைல மரக்கன்று நட்டு குரூப் ஃபோட்டோ எடுக்குறத பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது. மரம் நடுங்க, தப்பே இல்ல, நிழலாவது கிடைக்கும். ஆனா அந்த ஃபோட்டோல நிக்குற எல்லார் கையிலயும் ப்ரிஸ்கிரிப்ஷன் எழுதற பேனா இருக்கு, அது மரத்த விட பெரிய ஆயுதம்னு யாரும் சொல்றதில்ல.

பேனான்னதும் இன்ஹேலர் ஞாபகம் வருது. அமுக்கினா புஸ்ஸுனு வர்ற இன்ஹேலர்ல பெரும்பாலானதுல மருந்த தள்ளுற வாயு கார்பன் டை ஆக்சைட விட ஆயிரம் மடங்குக்கு மேல சூடாக்குற ஜாதி. பவுடர் இன்ஹேலர்ல அந்த வாயுவே கிடையாது. அதுக்காக எல்லாருக்கும் மாத்தி எழுதிடாதீங்க, சின்ன குழந்தைக்கும் வேகமா இழுக்க முடியாத பெரியவங்களுக்கும் பவுடர் சரிவராது, மூச்சுத்திணறல் வந்தப்போ ஸ்பேசரோட (இன்ஹேலர்ல மாட்டற பிளாஸ்டிக் குழாய்) அமுக்குற இன்ஹேலர்தான் உயிர காப்பாத்தும். நான் சொல்ல வர்றது வேற. ஒருத்தர் உடனடி நிவாரணத்துக்கான நீல இன்ஹேலர மாசத்துக்கு ஒண்ணு காலி பண்றாருன்னா அவரு ஆஸ்துமா கட்டுக்குள்ள இல்லன்னு அர்த்தம், இல்ல இழுக்கற முறை தப்பு. உக்கார வச்சு அஞ்சு நிமிஷம் இழுத்துக் காட்ட சொல்லி, தடுப்பு மருந்த சரி பண்ணிட்டா அவருக்கும் மூச்சு நல்லாகுது, வானத்துக்குப் போற வாயுவும் குறையுது. நல்ல வைத்தியம் பண்ணாலே பாதி வேலை முடிஞ்சுடுது. வாயால மாத்திரை முழுங்க முடியறவருக்கு எதுக்கு ஐவி (நரம்பு வழியா ஏத்துற) பாராசிட்டமால், நேத்து எடுத்த அதே ரத்த டெஸ்ட் இன்னைக்கு எதுக்கு மறுபடியும், இதெல்லாம் அதே கணக்குதான்.

கிளவுஸும் அப்படித்தான். லண்டன்ல ஒரு பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரில 2018ல நர்ஸுங்க ஆரம்பிச்ச ஒரு விஷயம், தேவையில்லாத இடத்துல கிளவுஸ் போடாதீங்க, கைய கழுவுங்கன்னு. ஒரே வருஷத்துல 21 டன் பிளாஸ்டிக் குறைஞ்சுச்சு. நர்ஸுங்க ஆரம்பிச்சது, டாக்டர்ங்க இல்லங்கறத கவனிங்க. வார்டுல எது வீணாகுதுன்னு அவங்களுக்கு தெரிஞ்ச மாதிரி எங்களுக்கு தெரியாது.

அந்த பொண்ணு கேட்டது எங்க போகுதுன்னு. அதையே திருப்பி எங்கிருந்து வருதுன்னு கேட்டா இன்னும் பயமா இருக்கு. 2017ல மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவ அடிச்சப்போ அங்க இருந்த சலைன் ஃபேக்டரிங்க நின்னு போய், அமெரிக்கா முழுக்க ஆஸ்பத்திரிகள்ல சலைன் பைக்கு தட்டுப்பாடு. சரி பாடம் கத்துக்கிட்டாங்கன்னு பாத்தா 2024ல ஹெலீன் புயல், இந்த தடவ வட கரோலினால ஒரு ஃபேக்டரி வெள்ளத்துல மூழ்குச்சு, அமெரிக்காவோட ஐவி ஃப்ளூயிட்ல சுமார் 60 சதவீதம் அந்த ஒரே இடத்துல இருந்துதான் வந்துட்டு இருந்துச்சு. ஆபரேஷன எல்லாம் தள்ளிப் போட்டாங்க.

ஆனா இதையெல்லாம் விட நமக்கு பக்கத்துல இருக்கறது வெயில். 2021ல கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியால ஒரு வெப்ப அலை, லிட்டன்ங்கற ஊர்ல 49.6 டிகிரி. மாகாணத்துல 619 பேர் செத்துப்போனாங்க, கிட்டத்தட்ட எல்லாருமே வீட்டுக்குள்ள, பாதிக்கு மேல தனியா இருந்தவங்க. அதுல ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) இருந்தவங்க அளவுக்கு மீறி நிறைய பேர். இத படிச்சதும் எனக்கு சுருக்குனு இருந்துச்சு, ஏன்னா அந்த நோய்க்கு குடுக்குற ஆன்டிசைக்காட்டிக் மாத்திரை வேர்வையையும் தாகத்தையும் கெடுக்கும்னு பரீட்சைக்கு நான் எழுதியிருக்கேன், டிஸ்சார்ஜ் பண்ணும்போது ஒருத்தர்கிட்ட கூட சொன்னதில்ல. சிறுநீர அதிகமாக்கற தண்ணி மாத்திரை, மனநிலைக்கு குடுக்குற லித்தியம், சில பிரஷர் மாத்திரை எல்லாமே வெப்ப அலைல வேற மாதிரி நடந்துக்கும். அதனால இப்ப ஹிஸ்டரி எடுக்கும்போதே கேக்குறேன், வீடு மேல் மாடியா, ராத்திரியாவது குளிருமா, கரன்ட் போனா ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டருக்கு என்ன பண்ணுவீங்க, இன்சுலின எங்க வைப்பீங்க, கூட யாரு இருக்கா. ரெண்டு நிமிஷம் ஆகும். இத கேக்காம டிஸ்சார்ஜ் சம்மரி எழுதறது, ஆளு எங்க போறாருன்னே தெரியாம ரயில் ஏத்தி விடற மாதிரி.

ஸ்டூடன்ட்ஸுக்கு தனியா ஒண்ணு, ஹீட் ஸ்ட்ரோக்க மறக்காதீங்க. உடம்பு சூடு 40 டிகிரிக்கு மேல, கூடவே குழப்பமா பேசறது இல்ல மயக்கம்னா உடனே குளிர்விக்கணும், ஐஸ் தண்ணியோ ஈரத்துணியும் ஃபேனுமோ எது கையில கிடைக்குதோ அது. பாராசிட்டமால் இதுக்கு வேலை செய்யாது, இது இன்ஃபெக்ஷன் காய்ச்சல் இல்ல.

இதெல்லாம் யாரு சொல்லித்தர்றா? சர்வதேச மருத்துவ மாணவர் சம்மேளனம் 112 நாடுகள்ல 2,817 மருத்துவக் கல்லூரிகள பத்தி கேட்டு பாத்ததுல, பருவநிலை மாற்றத்த பாடமா வச்சிருந்தது வெறும் 15 சதவீதம், 2020ல வந்த கணக்கு அது. அத மாத்துனதும் ஸ்டூடன்ட்ஸ்தான். சான் ஃபிரான்சிஸ்கோல மருத்துவ மாணவர்கள் 2019ல பிளானட்டரி ஹெல்த் ரிப்போர்ட் கார்டுன்னு ஆரம்பிச்சு அவங்க காலேஜுக்கே அவங்க மார்க் போட்டாங்க, இப்ப பல நாட்டுல அத பண்றாங்க. நமக்கு இத்தன வருஷம் மார்க் போட்டவங்களுக்கு நாம மார்க் போடற ஐடியா எனக்கு ரொம்பவே பிடிச்சுது.

நான் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட சொல்றது, புதுசா சிலபஸ் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, எப்படியும் ஆடிட் ப்ராஜெக்ட் ஒண்ணு பண்ணித்தான ஆகணும், அத இதுல பண்ணுங்க. ஒரு வார்டு, ஒரு வாரம், எத்தன ஐவி பாராசிட்டமால் தேவையில்லாம போச்சுன்னு எண்ணுங்க. எண்ணுனத ஃபார்மசி கமிட்டில காட்டுங்க, "உலகம் அழியுது"ன்னு ஆரம்பிக்காம செலவு இவ்ளோன்னு ஆரம்பிங்க, நிமிந்து உக்காருவாங்க. எனக்கும் இது அசிங்கமா படும், ஆனா வேலை நடக்குது. பேஷன்ட குத்த உணர்ச்சிக்கு மட்டும் ஆளாக்கிடாதீங்க ப்ளீஸ், இன்ஹேலர் இழுக்கறவர் பூமிய கெடுக்கல.

ஆஸ்பத்திரிக்கு வெளியவும் நம்ம பேச்சுக்கு மதிப்பு இருக்கு. அகமதாபாத்துல 2010 மே மாச வெயில்ல வழக்கத்த விட 1,344 பேர் கூடுதலா இறந்தாங்க. ஆராய்ச்சியாளர்கள், மருத்துவத் துறை, மாநகராட்சி சேந்து 2013ல வெப்ப செயல்திட்டம் போட்டாங்க, எச்சரிக்கை மெசேஜ், ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ட்ரெய்னிங் எல்லாம் அதுல உண்டு. செத்தவங்கள எண்ணி, எண்ணிக்கைய மேசைல போட்டதுலதான் அது ஆரம்பிச்சுது.

எங்க ஆஸ்பத்திரில நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர் கணக்கு கேட்டு நான் போட்ட லெட்டருக்கு நாலு மாசமா பதில் இல்ல. அந்த பொண்ணு நேரா பேஸ்மென்ட்டுக்கே போயி பைப்லைன் பாத்துக்கற அண்ணன்கிட்ட பேசியிருக்கா. வியாழக்கிழமை ரெஜிஸ்டர காட்டறேன்னு சொல்லியிருக்காராம். நானும் போறேன், கூட்டல் கழித்தல் அவ பாத்துப்பா.