சுரங்க மாவட்டம் ஒன்றில் வன உரிமைப் பட்டா பெற்ற கதை

சத்தீஸ்கரின் வடபகுதியில் கோர்பா, ராய்கர், சர்குஜா எனத் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற மாவட்டங்கள் அடுத்தடுத்து உள்ளன. கோண்டு, கன்வர், பஹாடி கோர்வா முதலிய பழங்குடி மக்கள் அங்குள்ள சால் காடுகளையொட்டிப் பல தலைமுறைகளாகப் பயிரிட்டு வாழ்கிறார்கள். அம்மாவட்டங்களுள் ஒன்றில் தன்னார்வப் பணியாளராக இருந்தபோது, கோண்டுக் குடும்பம் ஒன்றின் வன உரிமைக் கோரிக்கையை முதல் படிவத்திலிருந்து பட்டா வரை உடனிருந்து நடத்தினேன்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வனநிலத்தில் பயிரிட்டுவரும் பழங்குடிக் குடும்பம், தன் அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். நிலத்தடியில் நிலக்கரி உள்ள ஊரில் இதற்குத் தனி அவசரம் உண்டு. சுரங்கத்துக்காக நிலம் எடுக்கப்படும் நாளில் கையில் பட்டா இல்லாத உழவர், அரசு ஆவணங்களின் கண்ணுக்கு வெறும் ஆக்கிரமிப்பாளராகவே தெரிவார்.

கோரிக்கையுடன் குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும். ஊர் முதியவர்களின் வாக்குமூலத்தை எழுதிப் பெறுவது எளிதாகவே முடிந்தது. ஆனால் கோருபவர் தவிர்த்த பிற முதியவர்களின் வாக்குமூலம்தான் செல்லும் என்பதால், நெருங்கிய உறவினரையும் தவிர்த்தே கையொப்பமும் கைரேகையும் பெற்றோம். இரண்டாவது சான்றுக்காக வீட்டில் இருந்த தாள்களையெல்லாம் புரட்டியபோது, குடும்பத்தின் மூதாட்டி தகரப் பெட்டியிலிருந்து பழைய அபராத ரசீது ஒன்றை எடுத்துத் தந்தார். காட்டை அழித்து உழுததாக அவருடைய கணவர்மீது வனத்துறை முன்னொரு காலத்தில் விதித்த அபராதம் அது. குற்றத்துக்கான அந்தத் தாளே, 2005க்கு வெகுமுன்பே அவர்கள் அந்நிலத்தில் இருந்தார்கள் என்பதற்கு அரசே எழுதிக் கொடுத்த சாட்சியாயிற்று. இப்பகுதியில் இத்தகைய ரசீதுகளை வெட்கத்துடன் ஒளித்து வைத்திருப்பவர்கள் பலர். கேட்டால்தான் வெளியே வரும்.

கள ஆய்வுக்குப் பட்வாரியும் (கிராம நிலக் கணக்கர்) வனக்காவலரும் ஒரே நாளில் வர வேண்டும் என்பதால் தேதி தள்ளிக்கொண்டே போயிற்று. இதற்கிடையில் இலுப்பை இனத்து மஹுவா மரத்தின் பூக்கள் உதிரும் பருவமும், அதைத் தொடர்ந்து பீடி சுற்றப் பயன்படும் தெண்டு இலை பறிக்கும் பருவமும் வந்துவிட்டன. விடியுமுன் ஊரே காட்டுக்குள் சென்றுவிடும் அந்நாட்களில், கோரிக்கையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டிய கிராம சபையைக் கூட்டுவது வீண்வேலை. மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் கூட வேண்டும், வந்தவர்களில் மூன்றிலொரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இலைப் பருவம் முடிந்த பிறகே தீர்மானம் நிறைவேறியது. வருகைப் பதிவேட்டுப் பக்கங்களையும் தீர்மானத்துடன் நகலெடுத்து வைத்தோம்.

கிராம சபைத் தீர்மானத்தை அடுத்துப் பரிசீலிக்கும் உட்கோட்ட அளவிலான குழுவில் கோப்பு நின்றது. செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் காடாகத் தெரிகிறது என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். படம் பொய் சொல்லவில்லை. கோண்டு உழவர்கள் நிலத்தைத் திருத்தும்போது மஹுவா மரங்களை வெட்டுவதில்லை. பூவும் விதையும் தரும் அம்மரங்கள் வயலுக்கு நடுவிலேயே நிற்க, மேலிருந்து பார்ப்பவருக்கு அவற்றின் கிளைப்பரப்பு மட்டுமே தெரியும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றும், 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி செயற்கைக்கோள் படம் பிற சான்றுகளுக்குத் துணையாகலாமே தவிர அவற்றுக்கு மாற்றாகாது என்றும் குறிப்பிட்டு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கினோம். எந்த அலுவலகத்திலும் ஒப்புகை இல்லாமல் தாளை விட்டுவரக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மரங்களுக்கு இடையே உள்ள வரப்புகளையும் கிணற்றையும் காட்டும் வரைபடத்துடன் கிராம சபை மீண்டும் தீர்மானம் அனுப்பியது. அதன் பிறகே கோப்பு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குச் சென்றது.

பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் வந்தது. வாரிசுகளுக்குச் சேரும், விற்க முடியாது. ஆனால் அளந்ததைவிடக் குறைந்த பரப்பே அதில் எழுதப்பட்டிருந்தது. விடுபட்ட பகுதி அந்த மஹுவா மரங்கள் நிற்கும் பக்கம். பட்டாவைப் பெற்றுக்கொண்டதால் மீதி நிலத்தின் மீதான உரிமையைக் கைவிட்டதாகாது என்று எழுதி, குறைப்புக்கான காரணத்தைக் கேட்டு, மீதிப் பரப்புக்காக இன்னொரு மனுவைக் கொடுத்திருக்கிறோம்.