2147483647: ஒயிலர் கையால் நிறுவிய முதன்மை எண்

இரண்டின் 31ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2147483647 கிடைக்கும். அதில் எத்தனை இலக்கங்கள் உள்ளன என்பதை யாழ்ப்பாணத்தில் சாதாரண தரம் படிக்கும் ஒரு மாணவி மடக்கை அட்டவணையைக் கொண்டே சொல்லிவிடுவாள்: 0.3010ஐ 31ஆல் பெருக்க 9.331 வருகிறது, ஆகவே பத்து இலக்கங்கள். ஆனால் அது முதன்மை எண்ணா என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. அதனை 1772இல் நிறுவியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணிதவியலாளர் லெயோனார்ட் ஒயிலர்.

இந்த எண்ணின் வர்க்கமூலம் 46341இலும் சற்றுக் குறைவு. அதுவரையுள்ள முதன்மை எண்களோ நான்காயிரத்துக்கும் மேற்பட்டவை. அவை அனைத்தாலும் வகுத்துப் பார்க்க வேண்டிய தேவையை ஒயிலர் இல்லாமற் செய்த வழி, நான் வகுப்பில் கற்பிக்க மிகவும் விரும்பும் தருக்கங்களுள் ஒன்று.

ஏதோ ஒரு முதன்மை எண் இதனை மீதியின்றி வகுக்கிறது என்று கொள்வோம். அப்போது அந்த வகுஎண்ணுக்கு இரண்டின் 31ஆம் வலு மீதி 1ஐத் தரும். 31 தானே முதன்மை எண்ணாதலால், அதற்கு முந்திய எந்த வலுவிலும் மீதி 1 வராது. வகுஎண்ணைவிட ஒன்று குறைந்த வலுவுக்கும் மீதி 1 என்கிறது பெர்மாவின் சிறிய தேற்றம். ஆகவே அந்த ஒன்று குறைந்த எண் 31இன் மடங்கு. அது இரட்டை எண்ணும் ஆதலால் 62இன் மடங்கு. மேலும், இரண்டின் 32ஆம் வலு ஒரு நிறைவர்க்கம், அது மீதி 2ஐத் தருகிறது. இரண்டு இவ்வாறு வர்க்க மீதியாக, அதாவது ஒரு நிறைவர்க்கத்தின் மீதியாக, அமைய வேண்டுமெனில், வகுஎண்ணை 8ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மட்டுமே எஞ்ச முடியும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், காரணியாகத்தக்க முதன்மை எண் எதுவும் 248ஆல் வகுக்கப்படும்போது 1ஐ அல்லது 63ஐ மட்டுமே மீதியாகத் தரும்.

முதன்மை எண் அல்லாத 63ஐ நீக்கினால், 46341க்குள் அத்தகைய எண்கள் 372 மட்டுமே. அவற்றிலும் 249, 559 போன்ற பல சேர்த்தி எண்களாதலால் விலகிவிடுகின்றன. எஞ்சிய எதுவும் இதனை மீதியின்றி வகுக்கவில்லை.

இந்த வடிகட்டலின் வலிமையை அறிய, இரண்டின் 29ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கலாம். 536870911 என்ற அந்த எண் 233, 1103, 2089 ஆகியவற்றின் பெருக்கம்; மூன்றையும் 29இன் இருமடங்கான 58ஆல் வகுத்தால் 1 எஞ்சுகிறது.

ஒயிலரின் எண்ணை இரண்டின் 30ஆம் வலுவால் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவெண், அதாவது தன்னைத் தவிர்ந்த தன் வகுஎண்கள் அனைத்தினதும் கூட்டுத்தொகைக்குச் சமமான எண், பிறக்கிறது. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை எவரும் தேட முற்படமாட்டார் என்று ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீற்றர் பார்லோ 1811இல் எழுதினார். 1876இலேயே பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா 39 இலக்கங்கள் கொண்ட ஒரு முதன்மை எண்ணை நிறுவி, அதைவிடப் பன்மடங்கு பெரிய நிறைவெண்ணுக்கு வழி திறந்தார். 2024இல் கண்டறியப்பட்ட முதன்மை எண்ணுக்கு 41024320 இலக்கங்கள் உள்ளன. அதனைச் சரிபார்க்கக் கணினி வேண்டும். ஒயிலருடைய எண்ணையோ உயர்தர மாணவர் எவரும் ஒரு கொப்பியிலேயே சரிபார்க்கலாம் என்பதால், என் மாணவர்களுக்கு அதனையே பரிந்துரைக்கிறேன். முதலில் 311ஆல் வகுக்க வேண்டும், மீதி 35 வரும். அடுத்துச் சோதிக்க வேண்டிய முதன்மை எண் 1303, அதன் மீதி 226.