உப்புக்காற்றில் ஜெர்மன் கேமராக்கள்: இதுவரை

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு பழைய ஜெர்மன் ரேஞ்ச்ஃபைண்டர் (இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும்) கேமரா சேர்ப்பதில் பணப் பிரச்சினைகூட இரண்டாவதுதான். முதல் பிரச்சினை ஈரம். அதனால் எது அபூர்வ மாடல் என்று தேடுவதை விட்டுவிட்டேன். எது இந்தக் கரையில் தாங்கும் என்பதுதான் இப்போது என் கணக்கு.

லைக்கா 3எஃப் ஒன்று இருக்கிறது. 1950இல் வந்த மாடல், கையில் எடுத்தாலே ஒரு மிதப்பு வரும். ஆனால் அதன் ஷட்டர் துணி. மூடி போடாமல் வெயிலைப் பார்த்தபடி தொங்கவிட்டால், லென்ஸ் சூரியனைக் குவித்துத் துணியைப் பொசுக்கிவிடும். தனுஷ்கோடி மணலில் ஒதுங்க நிழல் ஏது? அதனால் லைக்கா வீட்டோடு சரி.

வெளியே வருவது ரெட்டினா 2சி. கோடாக்கின் ஸ்டுட்கார்ட் தொழிற்சாலையில் 1954 முதல் 1957 வரை செய்தது. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகள், வெயில் பொசுக்க அங்கே துணி இல்லை. மடித்து மூடினால் லென்ஸ் உள்ளே போய்விடும், பறக்கிற மணல் படாது. மூடுவதற்கு முன் ஃபோகஸை முடிவிலிக்கு, அதாவது வெகுதூரத்துக்கான குறிக்கு, கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

இது கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) வீட்டு அலமாரியில் கிடந்தது. "லீவர் நகரல தம்பி, ஜாம்" என்றார். இந்த மாடலில் படக் கணக்கு 36இலிருந்து கீழ்நோக்கி இறங்கும்; 1க்கு வந்ததும் ஃபிலிமை நகர்த்தும் லீவர் பூட்டிக்கொள்ளும். கணக்கை மறுபடி 36க்கு நகர்த்தியதும் லீவர் ஓடியது. விலை பேசுவதற்கு முன்பே அதைச் செய்து காட்டிவிட்டேன். "இது தெரிஞ்சிருந்தா வாப்பா இன்னும் நாலு ரோல் எடுத்திருப்பாங்க" என்று சிரித்தார். விலை மட்டும் குறையவில்லை!

இதில் அப்பெர்ச்சரும் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு) ஷட்டர் வேகமும் ஒன்றோடொன்று பூட்டியிருக்கும்; இரண்டும் சேர்ந்ததற்கு ஒரே ஒளி எண். பலருக்கு இது எரிச்சல், எனக்குக் கடற்கரையில் வசதி. 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் ஒளி எண் 15, மணலும் அலையும் கண்ணைக் கூசும் இடத்தில் 16. ஒருமுறை வைத்துவிட்டால் ஒளியை அளக்கும் மீட்டர் தேவையில்லை. ரேஞ்ச்ஃபைண்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ராமேஸ்வரம் டிவி கோபுரம் போதும். 323 மீட்டர் உயரம், எங்கள் பக்கமிருந்தே தெரியும். முடிவிலியில் வைத்தால் இரண்டு பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். உட்கார்ந்தது. ஷட்டரின் ஒரு விநாடி வேகம்தான் இழுக்கிறது. பழைய கிரீஸ் இறுகியிருக்கும். அதை நான் பிரிக்கப் போவதில்லை, மதுரைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

வைக்கும் முறைதான் உண்மையான வேலை. தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் கேமராவைக் கழற்றித் தனியே வைத்துவிடுகிறேன். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், அங்கிருந்து பூஞ்சை லென்ஸுக்கு ஏறும். காற்றுப் புகாத டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. முள் 40 சதவீதத்துக்கும் 50க்கும் நடுவே நின்றால் நிம்மதி. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது சமாளிக்கலாம். வாடை (வடக்குக் காற்று) தொடங்கினால் நீல ஜெல் சீக்கிரமே ரோஸ் நிறமாகிவிடும், வாணலியில் வறுத்து மறுபடி போட வேண்டும். அந்த வாணலியைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லி வீட்டில் உத்தரவு.

அடுத்த கண் காண்டாக்ஸ் 2ஏ மேல். அதன் ஷட்டர் உலோகம். சென்னையில் ஒருவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்து ஒரு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பூஞ்சை இருந்தால் அதில் தெரிந்துவிடும்.