வடக்கில் வாக்களிக்கச் சென்னையில் சேர்த்த ஆவணங்கள்

2013 செப்டம்பர் 21 அன்று இலங்கையின் வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தபோது, யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அமைந்த வாக்களிப்பு நிலையத்தில் நானும் என் மகனும் வாக்களித்தோம். இப்போது மகளோடு சென்னை வளசரவாக்கத்தில் இருக்கிறேன். ஊர் திரும்பும் யோசனையில் உள்ள இலங்கை அகதிக் குடும்பங்களை இங்கே அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகளில் அநேகர் தமிழ்நாட்டிலேயே பிறந்தவர்கள் என்பதால், அந்த வாக்கு எங்கள் கைக்கு வந்த வழியை எழுதுகிறேன்.

மாகாண சபைகள் 1987ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் மூலம் உருவானவை. 1988இல் இணைந்த வடக்கு-கிழக்கிற்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டபோதும் வடக்கில் போட்டியே இல்லாமல் உறுப்பினர்கள் தெரிவானார்கள், மக்கள் வாக்களிக்கவில்லை. 2006இல் இலங்கையின் உச்ச நீதிமன்றம் (அங்கே உயர் நீதிமன்றம் என்பார்கள்) அந்த இணைப்புச் செல்லாது என்றது. ஆகவே போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த அந்த வாக்குச்சீட்டுதான், தங்கள் மாகாண சபையைத் தாங்களே தெரிவுசெய்ய வடக்கு மக்களுக்குக் கிடைத்த முதல் வாக்குச்சீட்டு.

என் மகன் 1992இல் சென்னையில் பிறந்தவன். மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ் அவனிடம் இருந்தது. ஆனால் அது அவன் இங்கே பிறந்தான் என்பதைச் சொல்லுமே தவிர, இலங்கைக் குடிமகன் என்பதைச் சொல்லாது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து, வம்சாவளிக் குடியுரிமைச் சான்றிதழ் பெற வேண்டும். அதற்குப் பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்களும் திருமணச் சான்றிதழும் தேவை. 1990இல் படகேறியபோது உடுத்த துணியோடு வந்தவர்கள் நாங்கள். ஊரில் இருந்த என் அண்ணன்தான் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து, பிரதிகளை எடுத்து அனுப்பினார்.

அதிக நாள் எடுத்தது பெயர்ப் பிரச்சினைதான். தமிழ்நாட்டு வழக்கப்படி மகனின் பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து மட்டும் இருந்தது. இலங்கை ஆவணங்களிலோ தந்தையின் முழுப் பெயரும் வரும். இரண்டு பெயர்களும் ஒருவருடையவையே என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே காரியம் நகர்ந்தது. சாஸ்திரி பவனிலுள்ள வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில், இந்தியாவை விட்டு வெளியேறும் அனுமதி பெற்றது அதைவிட எளிதாக முடிந்தது. அகதிப் பதிவுத் தாள்கள் ஒன்றுவிடாமல் கைவசம் இருந்ததே அதற்குக் காரணம்.

ஊருக்குப் போனதும் முதலில் பார்க்க வேண்டியவர் கிராம சேவையாளர், அதாவது ஊருக்குப் பொறுப்பான அரசு அலுவலர். தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பமும், அப்போது ஆண்டுதோறும் வீட்டுக்கு வந்த வாக்காளர் பதிவுப் படிவமும் அவர் வழியாகவே போயின. எங்கள் வீடு இடிந்து கிடந்ததால் அண்ணன் வீட்டு முகவரியில் பதிந்தோம். உண்மையில் எங்கே குடியிருக்கிறோமோ அந்த முகவரிதான் கணக்கு. 2013 தேர்தல் 2012ஆம் ஆண்டின் இடாப்பை, அதாவது வாக்காளர் பட்டியலை வைத்தே நடந்தது. தேர்தல் அறிவித்த பிறகு ஓடியிருந்தால் எங்களுக்கு இடமே கிடைத்திருக்காது. என் கணவர் வேலை காரணமாகச் சென்னையிலேயே இருந்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கையில் ஏற்பாடு இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த அவருக்கு வாக்கு இல்லாமலும் சென்னையில் பிறந்த மகனுக்கு வாக்கு இருந்தும் அந்த நாள் கழிந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

வாக்களிப்பு நிலையத்தில் அலுவலர் இடாப்பைப் பார்த்து எங்கள் இலக்கத்தையும் பெயரையும் உரக்க வாசித்தார். கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் கோடிட்டார்கள். இடது கைச் சின்ன விரலில் மை பூசினார்கள். சீட்டில் முதலில் கட்சியின் சின்னத்துக்கு எதிரே புள்ளடி (X குறி) இட வேண்டும். அதன் பிறகு, கீழே கட்டங்களில் அச்சிட்டிருக்கும் வேட்பாளர் இலக்கங்களில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கங்களில் மட்டும் கீறிவிடக் கூடாது என்று முதல் நாள் இரவே மகனுக்குத் தாளில் வரைந்து காட்டியிருந்தேன்.

38 இடங்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 30 இடங்களைப் பெற்றது. ஓய்வுபெற்ற நீதியரசர் சி.வி.விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். காணி, பொலிஸ் அதிகாரங்கள் கைக்கு வராத, ஆளுநரின் பிடி இறுகிய சபை அது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதைச் சொல்லி, பதிவதில் பயனில்லை என்போரோடு நான் உடன்படவில்லை. இடாப்பில் உள்ள பெயர்களை எண்ணித்தான் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நாடாளுமன்ற ஆசனங்களைப் பிரிக்கிறார்கள். 2010இல் 9 ஆசனங்கள் இருந்த யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 2015இல் 7, 2024இல் 6 ஆசனங்களே இருந்தன. போர் எங்களைச் சிதறடித்ததன் விலை அந்த எண்ணிக்கையில் தெரிகிறது.

வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன் பின் அங்கே மாகாணத் தேர்தல் நடக்கவில்லை. அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல், பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளை ஊரிலிருந்து இப்போதே எடுப்பியுங்கள். அவை வந்ததும் பெயர் எழுத்துகளை மாநகராட்சிச் சான்றிதழோடும் பள்ளிச் சான்றிதழோடும் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இருந்தால் தூதரகத்துக்குப் போவதற்கு முன்பே உறுதிமொழிப் பத்திரத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.