பாம்பை விடுங்க, அந்த டைரிதான்

மந்திரப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பையன் ஹாரி பாட்டரின் பட வரிசையில் எனக்குப் பிடித்தது இரண்டாவது படம், 2002 நவம்பரில் வந்த சேம்பர் ஆஃப் சீக்ரெட்ஸ். மூன்றாவதுதான் உசத்தி என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும். போன ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டில், அக்கா மகளோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். 161 நிமிஷம், எட்டுப் படத்திலும் இதுதான் நீளம், ஆனாலும் எங்கேயும் ஓட்டிவிடத் தோன்றவில்லை. பறக்கிற கார், தானாகப் பாத்திரம் தேய்க்கிற ஹாரியின் நண்பன் ரான் வீடு என்று முதல் முக்கால் மணி நேரம் அவசரமே இல்லாமல் போகும். எனக்கு அதுதான் வேண்டும்.

சின்ன வயதில் பார்த்தது வாடகை விசிடியில். மூன்று சிடி. கடைசி சிடியில் கீறல், சரியாகக் கடைசிச் சண்டையில் ராட்சதப் பாம்பு வாயைத் திறக்கிற நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும், அண்ணன் அதை எடுத்து ஊதி, பனியனில் துடைத்து, மறுபடி உள்ளே தள்ளுவான், அதற்குள் கரண்ட் போய்விடும். எங்களுக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும். ஆயாவுக்குச் சுத்தமாகப் புரியாது, ஆனால் முழுசாகப் பார்த்தது அவர்தான். மந்திரச் சண்டை வகுப்பில் ஹாரி பாம்போடு பேசியதும் பள்ளிக்கூடமே மிரண்டு போகும் இல்லையா, அது ஆயாவுக்கு விளங்கவே இல்லை. "அந்தப் புள்ள சொன்னா பூச்சி கேக்குதுன்னா நல்லதுதானே, எதுக்குடா எல்லாம் ஒதுங்குறாங்க?" என்றார். பொழுது சாய்ந்தால் பாம்பைப் பூச்சி என்றுதான் சொல்லுவார். ஆடியில் புற்றுக்குப் பால் ஊற்றி முட்டை வைக்கிறவர், கெடிலம் ஆற்றில் வெள்ளம் வந்து வீட்டுப் பக்கம் பாம்பு ஏறினாலும் அடிக்க விடமாட்டார். அவர் கணக்கில் ஹாரி அருள் வந்த பிள்ளை. யோசித்தால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

இப்போது பார்க்கும்போதும் கடைசியில் வரும் அந்த ராட்சதப் பாம்பு நன்றாகவே இருக்கிறது. கம்ப்யூட்டரை மட்டும் நம்பாமல் வாய் திறந்து மூடுகிற பெரிய தலையை நிஜமாகவே செய்து வைத்து எடுத்தார்கள், அதனால் ஹாரி கத்தியைத் தூக்கும்போது எதிரே ஏதோ இருப்பது தெரிகிறது. ஆனால் பயம் வரவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது டைரி. ஹாரி தன் பேரை எழுதுகிறான், மை தாளுக்குள் இறங்கிக் காணாமல் போகிறது, அப்புறம் வேறொருவன் கையெழுத்தில் பதில் மேலே வருகிறது. அப்போது அது எங்களுக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா! அப்பா ஆபீஸிலிருந்து கொண்டுவந்த புது வருஷ டைரியில் ஹீரோ பேனாவால் என் பேரை எழுதிவிட்டு ராத்திரி வரைக்கும் திறந்து திறந்து பார்த்தேன். மை பின்பக்கத்துக்கு ஊறியதுதான் மிச்சம்.

ரானின் தங்கை, பதினோரு வயதுப் பெண் ஜின்னி, வீட்டை விட்டு முதல் தடவை விடுதியில் இருக்கிறவள், மனசில் இருப்பதையெல்லாம் அதில் கொட்டுகிறாள், அந்தப் பக்கம் டைரிக்குள் இருக்கிற டாம் ரிடில் பொறுமையாக, ஆறுதலாகப் பதில் எழுதியே அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறான். இவ்வளவு கனமான கதையைக் கையில் வைத்துக்கொண்டு படம் அவளைக் கண்டுகொள்வதே இல்லை, அதுதான் என் பெரிய குறை. கடைசியில் அவள் தரையில் மயங்கிக் கிடக்கும்போது அக்கா மகள் கேட்டாள்: "சித்தி, இந்தப் பொண்ணு இதுக்கு முன்னாடி எங்க வந்துச்சு?" புத்தகக் கடையில் ஹாரியோடு படிக்கிற மால்ஃபாயின் அப்பா ஜின்னி கையிலிருந்த பாத்திரத்துக்குள் டைரியை நழுவவிட்டதைச் சொன்னேன். அவளுக்கு ஞாபகமே இல்லை. அவள் மேல் தப்பில்லை.

தலைமையாசிரியர் டம்பிள்டோராக வரும் ரிச்சர்ட் ஹாரிஸ் படம் வெளியாவதற்குச் சில வாரம் முன்னால் இறந்துவிட்டார். அது தெரிந்து பார்த்தால், அவர் குரல் இறங்கி இறங்கி வருவதைக் கேட்க என்னவோ போல இருக்கிறது.

வாத்தியாராக வரும் லாக்ஹார்ட்டை மட்டும் நான் சின்ன வயதில் வெறும் கோமாளி என்று தள்ளிவிட்டேன். அடுத்தவன் செய்த சாகசத்தைத் தன் பேரில் புத்தகமாகப் போட்டுவிட்டு, செய்தவனின் நினைவை அழித்துவிடுகிற ஆள் அவன்! நாலு இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பாருங்கள், கென்னத் பிரானா அந்தப் பல்லைக் காட்டிச் சிரிக்கும்போது யார் யார் முகமோ ஞாபகம் வரும். பேர் எல்லாம் ஓடி முடிந்த பிறகு அவனுக்கு ஒரு குட்டிக் காட்சி இருக்கிறது, நாங்கள் எழுத்து வந்ததுமே டிவியை அணைத்துவிடுவோம் என்பதால் இப்போதுதான் பார்க்கிறேன். கடை ஜன்னலில் அவனுடைய புதுப் புத்தகம், தலைப்பு 'நான் யார்?', அட்டையில் கையைக் கட்டிப்போட்ட பைத்தியக்கார உடுப்போடு அதே சிரிப்பு. அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த ஞாயிறு மூன்றாவது படம் என்று உத்தரவும் போட்டுவிட்டாள்.