மாமா வளர்க்கும் பிள்ளை

நேற்று ஆனி அமாவாசை, மறைந்த மாமாவுக்குப் படையல். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, பருப்பு, பாயசம் எல்லாம் தயார். ஜன்னல் திட்டில் இலைத்துண்டில் சோறு தயார், அதன் தலையில் ஒரு சொட்டு நெய்யும் தயார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் இவரும் தயார். காக்காவை மட்டும் காணோம்.

மற்ற நாட்களில் அதற்கு நேரம் காலமே கிடையாது. தோசைக்கல் காய்வதற்கு முன்பே ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்து, மாவு புளித்திருக்கிறதா என்று பார்க்க வந்த பெரிய மனிதர் போலத் தலையைச் சாய்க்கும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தில் கூடு கட்டியதும் இதேதான். அந்தக் கூட்டில் என் நார் மட்டுமா இருக்கிறது? மாடி வீட்டு ஹேங்கர் ஒன்று, கட்டுக்கம்பி, கேபிள்காரர் விட்டுப்போன வயர்த் துண்டு. இறக்கி எடைக்குப் போட்டால் ஒரு வேளை காய்கறிச் செலவு தேறும்.

இந்தக் கம்பி நார் விஷயத்திலிருந்துதான் ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க வேண்டும் என்று இவர் பிடிவாதமாக இருக்கிறார். வருடத்தில் எத்தனை முறை இவர் அடுப்படிக்குள் நிற்கிறார் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் சண்டை வரும். ஆனால் எனக்கு இந்த வீட்டில் சொந்தமென்று இருப்பது அந்த ஜன்னல் ஒன்றுதான். விடியலில் டிகாஷன் இறங்குகிற வரைக்கும் அங்கேதான் நிற்பேன். பால்காரரிடம் யார் வீட்டில் கடன் சொல்கிறார்கள், மாடி வீட்டில் யார் யாரோடு பேசவில்லை, இட்லிக்கா பொங்கலுக்கா எங்கே நெய் மணக்கிறது, எல்லாம் அங்கிருந்தே தெரிந்துவிடும். ராத்திரி மேடையைத் துடைத்து, அடுப்பின் மேல் சின்னதாக ஒரு கோலம் இழுத்துவிட்டு, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை ஒரு தடவை பார்த்தால் வருகிற திருப்தி இருக்கிறதே, அதை இவருக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. அந்த நேரத்தில் வேப்பமரத்துக் காற்று வந்தால்தான் அது முழுசாகும். வலை அடித்தால் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டி ஒரே மாதத்தில் காற்றும் நின்றுவிடும், அதைத் தேய்த்துக் கழுவுவது யார்? அதுவும் நான்தான்.

சரி, காக்காவுக்கு வருவோம். அத்தை கூப்பிட்ட கூப்பிடலுக்கு எங்கள் எல்லீஸ் நகர்க் காக்கா மட்டுமில்லை, பக்கத்து அரசரடிக் காக்கா வரைக்கும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "உப்பு சரியில்லையோ என்னமோ" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அமாவாசைச் சமையலில் ருசி பார்க்கக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

அப்போதுதான் மகள் கத்தினாள், "ஆச்சி, அங்க பாருங்க!"

வேப்பமரக் கிளையில் நம் காக்கா, யார் வீட்டு உளுந்த வடையையோ ஒரு குஞ்சின் வாயில் திணித்துக்கொண்டிருந்தது. குஞ்சு என்றால் கையில் அடங்குகிற குஞ்சு இல்லை, கிட்டத்தட்ட அதன் உயரமே இருந்தது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் வரியும். வாய் மட்டும் மூடவே இல்லை.

"அது காக்கா குஞ்சே இல்ல, குயில் குஞ்சு" என்று பாடம் ஆரம்பித்துவிட்டாள். ஆண் குயில் கூவிக் கூவிக் காக்காவை வம்புக்கு இழுக்குமாம், காக்கா அதைத் துரத்திக்கொண்டு போன நேரம் பார்த்துப் பெட்டை வந்து முட்டை வைத்துவிடுமாம். குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடுமாம். காக்காவின் சொந்தக் குஞ்சு வெளியே வருவதற்குள் இது முதல் பந்தியில் உட்கார்ந்துவிடும். (குயில் என்றால் தேன் குரல் என்று உருகுகிறவர்கள் பெட்டைக் குயில் கிக் கிக் என்று கத்துவதைக் கேட்டதில்லை போல. கூவுவது ஆண்தான். வேலையெல்லாம் அடுத்த வீட்டுத் தலையில், இவருக்குப் பாட்டு.) இவர் பசியில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

அத்தை மட்டும் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள்.

"அப்பவும் இப்படித்தான். பெத்த பிள்ளை சைக்கிள் கேட்டா அடுத்த வருசம்னுவாரு. தங்கச்சி மகனுக்குப் பாலிடெக்னிக் பீஸ் கட்ட என் வளையலைக் கழட்டுவாரு. போனதுக்கப்புறமும் ஊரான் பிள்ளைக்கு ஊட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு! ஏங்க, இங்க சொந்தப் பிள்ளை பட்டினி கெடக்குறான், வாங்க இங்க!"

திட்டு அவ்வளவு பழக்கம் போலிருக்கிறது, காக்கா உடனே வந்துவிட்டது. வாய் நிறையச் சோற்றை அள்ளிக்கொண்டு நேராக அந்தக் குஞ்சிடமே போனது.

இப்போது புதுச் சிக்கல். எடுத்தது கணக்கா, விழுங்கினால்தான் கணக்கா? கணக்குதான் என்றார் இவர், ஒரு கை இலையில் வைத்தபடி. விழுங்கவில்லையே என்றாள் மகள், வேண்டுமென்றே. நான் வாயைத் திறக்கவில்லை.

"அவரு என்னைக்கு முழுசா உக்காந்து சாப்பிட்டாரு" என்றார் அத்தை. குரல் இறங்கிவிட்டது. "கணக்குதான். சாப்பிடுய்யா."

இன்று காலை கொசுவலை அடிப்பவர் டேப்போடு வந்து அளவு எடுக்கப் போனார். நான் சொல்ல நினைத்ததையெல்லாம் அத்தையே சொன்னார், என்னைவிடச் சத்தமாக. "இதை அடைச்சிட்டா அந்த மனுசனுக்கு நான் எந்த வழியா சோறு போட? கொசு வேற எங்கயும் வரலியா உங்களுக்கு?" வந்தவர் பாத்ரூம் ஜன்னலை அளந்துகொண்டு போனார், அட்வான்ஸும் வாங்கிக்கொண்டு.

குயிலுக்குப் பழம் பிடிக்கும் என்று மகள் வேறு சொல்லி வைத்திருக்கிறாள். சாயங்காலம் இவர் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு தன் பப்பாளியைத் தேடிக்கொண்டிருக்கிறார், ஜன்னல் திட்டில் அதை அணில் தின்றுகொண்டிருக்கிறது, அத்தை அணிலைத் திட்டிக்கொண்டிருக்கிறார். இது யார் என்று இன்னும் சொல்லவில்லை.